குடிக்க உதவாத அணை

2024-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெங்களூர் குடிநீருக்காகத் தவித்தபோது, லாரித் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. காவிரிக் குடிநீரில் காரைக் கழுவினால் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றிப்போன செய்தி நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பரபரப்பில் ஒரு பெயர் மட்டும் அதிகம் அடிபடவில்லை: திப்பகொண்டனஹள்ளி. நகரத்துக்கு மேற்கே, மாகடி சாலைப் பக்கம், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூருக்கென்றே கட்டப்பட்ட அணை அது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி வந்துகொண்டிருந்தது. பக்கத்து அணையிலிருந்து ஒரு குடம்கூட வரவில்லை. 2012 முதல் அந்த அணையின் தண்ணீரை நகரம் குடிப்பதில்லை. குடிக்கும் நிலையில் அது இல்லை.

ஒரு நகரம் தன் கிணற்றைத் தானே பாழாக்கிக்கொள்வது புதிதல்ல. ஆனால் கிணறு பாழானால் மூடிவிடலாம். அணையை அப்படி மூட முடியாது. பயன் போன பிறகும் அது அங்கேயே நிற்கும். மழை வந்தால் நிறையும். நிறைந்தால் கீழே இருப்பவர்களுக்குப் பொறுப்பாகும். திப்பகொண்டனஹள்ளியைப் பற்றி இதுவரை நடந்த விவாதமெல்லாம் தண்ணீரின் தரத்தோடு நின்றுவிட்டது. அணையின் நிலை என்ன, அது எதற்காக நிற்கிறது என்ற கேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன.

பெங்களூர் ஒரு மேட்டு நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய ஆறு எதுவும் அதன் வழியாக ஓடவில்லை. கெம்பே கௌடா காலத்திலிருந்தே ஏரிகளை நம்பி வாழ்ந்த ஊர். குழாய்த் தண்ணீர் வந்தது 1890-களில்தான். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த, பாலக்காட்டுத் தமிழரான கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில், அர்க்காவதி ஆற்றின் குறுக்கே ஏசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுவரும் திட்டம் 1894-ல் தொடங்கியது. முப்பதாண்டுகளில் நகரம் அதை விஞ்சி வளர்ந்தது. 1925-ல் மழை பொய்த்து ஏசரகட்டா வறண்டபோது வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அந்தத் தேடலின் விளைவுதான் திப்பகொண்டனஹள்ளி. சர் எம். விஸ்வேஸ்வரய்யா முன்னின்று வகுத்த திட்டப்படி, நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதியும் சிவகங்கை மலைப் பக்கமிருந்து வரும் குமுதவதியும் கூடும் இடத்தில் அணை எழுப்பப்பட்டு 1933-ல் முடிந்தது. சாமராஜசாகர் என்பது அதன் அரசாங்கப் பெயர். முழுக் கொள்ளளவு சுமார் 3.3 டி.எம்.சி.; நீர் நிற்கும் உயரம் 74 அடி; நீர்ப்பிடிப்புப் பகுதி 1,450 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்தது. மேட்டூரின் 93 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் இது ஒரு குளம். ஆனால் 1974-ல் காவிரியின் முதல் கட்டம் வந்து சேரும்வரை, நாற்பது ஆண்டுகள் பெங்களூரின் தாகத்தைத் தீர்த்தது பெரும்பாலும் இந்தக் குளம்தான். அந்த நாற்பது ஆண்டுகளில்தான் விமானத் தொழிற்சாலையும் தொலைபேசித் தொழிற்சாலையும் அங்கே வந்தன. தமிழகத்திலிருந்து வேலை தேடிப் போன குடும்பங்கள் அங்கே வேரூன்றின. அவர்கள் குடித்த தண்ணீர் அர்க்காவதித் தண்ணீர்.

பிறகு ஆறு மெலிந்தது. 1980-களுக்குப் பிறகு அணைக்கு வரும் நீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போயிற்று. மழை குறைந்துவிட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம். பெங்களூரில் உள்ள 'அட்ரீ' ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதை ஏற்கவில்லை. மழையின் அளவில், ஆறு வற்றுமளவுக்கு மாற்றம் இல்லை என்றார்கள். அவர்கள் சுட்டிய காரணங்கள் மூன்று: எல்லையின்றி நிலத்தடி நீரை உறிஞ்சியது, தைல மரத் தோப்புகள், ஓடைகளின் குறுக்கே எழுந்த தடுப்புகளும் மாற்றங்களும்.

இதன் இயக்கம் எளிதில் விளங்கக்கூடியது. முன்பு நிலத்தடி நீர்மட்டம் மேலே இருந்தது. மழை நின்ற பிறகும் மண்ணுக்கடியிலிருந்து ஊறிய நீர் ஓடையில் கசிந்து ஆற்றை உயிரோடு வைத்திருந்தது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கியதும் அந்த ஊற்று அறுந்தது. காய்ந்த மண், பெய்யும் மழையை முதலில் தானே குடித்துவிடுகிறது. ராகி விளைந்த மேட்டு நிலங்களில் ஆள் கூலி மிச்சம் என்று தைல மரம் நட்டார்கள். அதன் வேர் ஆழத்து ஈரத்தையும் விட்டுவைக்கவில்லை. கர்நாடக அரசு 2017-ல் தைல மரம் நடுவதற்குத் தடை விதித்தது. ஆனால் மரத்தை வெட்டினால் மட்டும் இறங்கிய நீர்மட்டம் ஏறிவிடாது. 'ஆங்காங்கே தடுப்பணை கட்டுங்கள், நீர் செழிக்கும்' என்ற நல்லெண்ண யோசனையும் இங்கே ஒரு முரண்பாட்டில் முடிந்திருக்கிறது. மேலே நூறு இடங்களில் நிறுத்திய நீர், கீழே ஒரு அணைக்கு வராது. ஒவ்வொரு ஊரும் தன் பங்கைத் தடுத்துக்கொண்டதை யாரும் குறை சொல்ல முடியாது. எல்லா ஊர்களும் சேர்ந்து எடுத்தது எவ்வளவு என்று யாராவது கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

நல்ல நீர் வருவது குறைந்த அதே காலத்தில் கெட்ட நீர் வருவது கூடியது. தொட்டபள்ளாபுரத்தின் சாக்கடையும் ஆலைக் கழிவும் அர்க்காவதியில் சேர்ந்தன. நெலமங்கலம் பக்கமும் நகரத்தின் வடமேற்கு ஓரமும் லேஅவுட்களாகவும் கிடங்குகளாகவும் மாறின. 2003 நவம்பரில் கர்நாடக அரசு ஓர் ஆணை பிறப்பித்து, நீர்ப்பிடிப்புப் பகுதியை மண்டலங்களாகப் பிரித்து, அணையையும் இரு ஆறுகளையும் ஒட்டிய இடங்களில் கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. நல்ல ஆணை. அமலாக்கம்தான் ஆணையின் தரத்துக்கு இல்லை. 2019-ல் அந்தக் கட்டுப்பாடுகளும் தளர்த்தப்பட்டன. அணையிலிருந்துதான் யாரும் குடிப்பதில்லையே, பிறகு காப்பு வளையம் எதற்கு என்பது நிலத் தரகர்களின் வாதம். அணை கெட்டதால் பாதுகாப்பு தளர்ந்தது; பாதுகாப்பு தளர்ந்தால் அணை மேலும் கெடும். இந்த வட்டத்தில் லாபம் அடைகிறவர்கள் யார் என்று விளக்கத் தேவையில்லை.

2022-ல் இன்னொரு பக்கம் தெரிந்தது. பதிவேடுகளில் உள்ள ஆண்டுகளிலேயே பெங்களூரில் அதிக மழை பெய்த ஆண்டு அது. ஐ.டி. நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போன படங்களை நாடு பார்த்தது. பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏசரகட்டாவுக்கும் திப்பகொண்டனஹள்ளிக்கும் அந்த மழையில் தண்ணீர் வந்தது. வற்றிய ஆறு செத்த ஆறு என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு தன் எல்லையைத் தானே காட்டிக்கொண்டிருக்கும். இருபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஆற்றின் எல்லையை மக்கள் மறந்துவிடுகிறார்கள். படுகையில் பயிர் ஏறுகிறது, பிறகு கொட்டகை, பிறகு பட்டா கேட்டு மனு. மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் மண் தரை கான்கிரீட் ஆக ஆக, ஆண்டு முழுதும் வரும் நீர் குறைந்தாலும், பெருமழை நாளில் வரும் நீர் ஒரேயடியாக, வேகமாக வரும். வறட்சியும் வெள்ளமும் ஒரே நிலத்தின் இரண்டு குணங்கள் ஆகிவிட்டன.

அணைகள் எப்படி உடைகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் பிரம்மாண்டமான காரணங்கள் கிடைப்பதில்லை. 1977-ல் திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர் அருகே குடகனாறு அணை உடைந்தது. கணக்கிட்டதைவிட அதிக வெள்ளம். மின்சாரம் போனதால் ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியவில்லை. நீர் கரைமேல் வழிந்து கரையை அறுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தின் மச்சு-2 அணை இதே வகையில் உடைந்து மோர்பி நகரத்தில் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்துக் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் ஓர் இரவில் சரிந்தன. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிற்றணை உடைந்து இருபது பேர் அளவில் மாண்டனர். கசிவு இருக்கிறது என்று கிராமத்தார் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு மாநில அமைச்சர் ஒருவர் நண்டுகள்மீது பழியைப் போட்டார். 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ரா அணையின் 19-வது மதகு அடித்துச் செல்லப்பட்டது. காரணம், அதைத் தாங்கிய சங்கிலி அறுந்தது. மாற்றுத் தடுப்புக் கதவு கையிருப்பில் இல்லை. உடைந்த மதகின்மீதான அழுத்தத்தைக் குறைக்க மற்ற மதகுகளையும் திறந்து, தேக்கிய நீரை விட வேண்டியதாயிற்று. தாற்காலிகக் கதவு பொருத்த ஒரு வாரம் ஆனது.

சங்கிலி, மின்சாரம், துரு, கசிவு. அணையின் ஆயுள் இத்தகைய சில்லறை விஷயங்களில் இருக்கிறது. பழைய கல் அணையில் பார்க்க வேண்டியவை எவை என்பது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. கற்களுக்கு இடையே உள்ள சாந்து நீரில் கரைந்து வெளியேறுகிறதா, கசிவு நீர் தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா, அடித்தளத்தில் நீர் மேல்நோக்கித் தள்ளும் அழுத்தத்தை வடிக்கும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, மதகுக் கதவு கடைசியாக எப்போது முழுதாக ஏற்றி இறக்கப்பட்டது, கலிங்கு வழியாக இன்றைய மழைக் கணக்குப்படி வரும் வெள்ளம் போகுமா? ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு பதிவேடு, ஒரு செலவுத் தலைப்பு வேண்டும். தினமும் தண்ணீர் எடுக்கும் அணையில் இவை தானாக நடந்துவிடும். பம்பு ஓடாவிட்டால் மறுநாளே நகரம் கேட்கும். யாரும் குடிக்காத அணையில் மதகு திறக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், திறக்க வேண்டிய அந்த ஓர் இரவு வரும்வரை.

மத்திய அரசின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ல் நடைமுறைக்கு வந்தது. முல்லைப் பெரியாறு உள்ளிட்ட அணைகளில் தன் உரிமை பறிபோகும் என்று தமிழகம் அதை எதிர்த்தது. அந்த அரசியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், சட்டத்தின் தொழில்நுட்பப் பகுதி தெளிவானது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளும் இதில் அடங்கும். திப்பகொண்டனஹள்ளியின் நீர் உயரமே 22 மீட்டருக்கு மேல். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்க வேண்டும். அணையின் உடைமையாளரிடம் அணைப் பாதுகாப்புப் பிரிவு இருக்க வேண்டும். அவசர கால நடவடிக்கைத் திட்டம் தயாரிக்க வேண்டும். சுதந்திரமான நிபுணர் குழுவைக் கொண்டு முழுமையான ஆய்வு நடத்த வேண்டும். கடைசி இரண்டுக்கும் சட்டம் தந்த கெடு ஐந்தாண்டு. அதாவது 2026 டிசம்பர்.

இங்கேதான் திப்பகொண்டனஹள்ளியின் தனி நிலை கவனிக்கத்தக்கது. அதன் பொறுப்பு பாசனத் துறையிடம் இல்லை. பெங்களூர்க் குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. குழாய், பம்பு, மீட்டர், கழிவுநீர் ஆகியவை வாரியத்தின் அன்றாடக் கவலை. அணை அதன் நூறு சொத்துகளில் ஒன்று. இந்தியாவில் பேரணை என்று பதிவான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் இருநூறுக்கு மேல் நூறு வயதைக் கடந்துவிட்டன. தொண்ணூறைத் தாண்டிய திப்பகொண்டனஹள்ளி அந்த வரிசையை நெருங்குகிறது. மேட்டூருக்கோ கிருஷ்ணராஜசாகருக்கோ ஒன்று என்றால் இரண்டு முதல்வர்கள் பேசுவார்கள். சிறிய அணைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் அபாயத்தின் அளவை அணையின் உருவம் தீர்மானிப்பதில்லை. கீழே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. திப்பகொண்டனஹள்ளிக்குக் கீழே அதே ஆற்றில் மஞ்சனபெலே அணை, அதற்கும் கீழே ராமநகரம், கனகபுரம். மேலணையின் தவறு கீழணையின் சுமையாகும்.

அணையை மீண்டும் குடிநீருக்குக் கொண்டுவரும் திட்டம் இல்லாமல் இல்லை. புதுப்பிப்பு வேலைகளை வாரியம் எடுத்திருக்கிறது. நாளொன்றுக்கு 11 கோடி லிட்டர் என்பது இலக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து எத்தினஹொளே நீரைக் கிழக்கே திருப்பும் திட்டத்தின் முதல் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் ஒரு பங்கை இந்த அணையில் தேக்குவதும் யோசனை. தன் ஆறு தராத நீரை இன்னோர் ஆற்றிலிருந்து கொண்டுவந்து நிரப்புவது. பாத்திரத்தைக் கழுவாமல் பாலை ஊற்றுவதற்கு இது சமம். தொட்டபள்ளாபுரத்தின் சாக்கடை நிற்காதவரை, மலையிலிருந்து எவ்வளவு தூய நீர் வந்தாலும் அணையில் சேரும் கணத்தில் அது அர்க்காவதி நீர்தான். சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். கிருமியை நீக்குவது சுலபம். ஆலைக் கழிவின் உலோகங்களை நீக்குவது சுலபமும் அல்ல, மலிவும் அல்ல.

நோக்கம் மாறும்போது பாதுகாப்பின் கணக்கும் மாறும் என்பதை யாரும் பேசக் காணோம். குடிநீருக்கான அணையை நிரப்பி வைக்கவே நிர்வாகம் விரும்பும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அணையில் காலியிடம் வேண்டும். இந்த இரண்டு ஆசைகளும் மோதினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2015 டிசம்பர் 1-ல் அனுபவித்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் விடப்பட்டது. அந்த நீர் நிர்வாகத்தைத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னர் கடுமையாகக் குறை கூறியது. வெளியிலிருந்து நீர் கொண்டுவந்து நிரப்பி வைத்திருக்கும் ஓர் அணையில் 2022 போன்ற ஒரு மழை விழுந்தால், எந்த அளவில், எப்போது, எத்தனை மணி முன்னறிவிப்போடு மதகைத் திறப்பது என்ற விதி இப்போதே எழுதப்பட வேண்டும். கன்னடத்தில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் வடிவில்.

இதில் தமிழகத்துக்கு என்ன? அர்க்காவதி, மேகதாட்டுக்குச் சற்று மேலே சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. தமிழகத்துக்கு வரும் நீரை அளக்கும் பிலிகுண்டுலு அதற்கும் கீழே. ஆக, இந்தச் சிற்றாற்றின் நீரும் காவிரிக் கணக்கில் உண்டு. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்காகக் கர்நாடகத்தின் பங்கில் 4.75 டி.எம்.சி. கூட்டியது. குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதமே செலவாகும், மீதி ஆற்றுக்குத் திரும்பும் என்பது காவிரி நடுவர் மன்றத்தின் கணிப்பு. திரும்புகிறது, உண்மைதான். எந்த நிலையில் திரும்புகிறது, எந்த ஆற்றுக்குத் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. மேற்கு பெங்களூரின் கழிவு விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கிழக்கு பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. 2018 முதல் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. காவிரியில் எடுத்த நீர் மூன்று திசையில் பிரிகிறது. கணக்கு ஒரு திசையில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகு நாளொன்றுக்கு சுமார் 220 கோடி லிட்டரை பெங்களூர் காவிரியிலிருந்து எடுக்கும் வசதி பெற்றிருக்கிறது. நூறு கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரம், மூன்று கட்டங்களாக ஏற்ற வேண்டும். வாரியத்தின் பெருஞ்செலவு மின் கட்டணம். இதோடு ஒப்பிட்டால் திப்பகொண்டனஹள்ளியின் 11 கோடி லிட்டர் இருபதில் ஒரு பங்குதான். அந்த அணையைச் சீராக்கினால் காவிரிச் சண்டை தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 67 டி.எம்.சி.க்கு மேகதாட்டில் புதிய அணை கேட்கும் மாநிலம், மூன்று டி.எம்.சி. அணையை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைச் சென்னையிலிருந்து கேட்பதைவிட பெங்களூரின் வரி கட்டுவோர் கேட்பது நல்லது. அவர்களில் தமிழர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. அணையின் சோதனை அறிக்கையையும் வெள்ளம் பாயும் பகுதியின் வரைபடத்தையும் மக்கள் பார்வைக்கு வைப்பது. தொட்டபள்ளாபுரம், நெலமங்கலத்தின் கழிவுநீரை ஆற்றுக்கு முன்பே நிறுத்துவது. 2003-ன் காப்பு வளையத்தைத் திரும்பக் கொண்டுவருவது. அணை குடிநீருக்கா, வெள்ளத் தடுப்புக்கா, இரண்டுக்குமா என்று முடிவு செய்து அதற்கேற்ற பொறியாளரையும் பணத்தையும் ஒதுக்குவது. எதுவும் செய்ய மனமில்லை என்றால், இந்த அணை தேவையில்லை என்று வெளிப்படையாக அறிவித்து, நீர் தேங்காதபடி பாதுகாப்பாக விட்டுவிடுவதும் ஒரு வழிதான். உலகில் பல நாடுகள் பழைய அணைகளை அப்படிக் கைவிட்டிருக்கின்றன. தேவை என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், அடுத்த பெருமழைவரை தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி.